வலி நிறுத்திவிட்டு வா

எனக்கு அறுபத்தொன்பது வயசு. பெற்றது மூன்று. என் தங்கை போனபிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்து பேருக்கும் இன்று சொந்தமாக அடுப்பு எரிகிறது. அட்டெண்டர் வேலைதானே என்று யாராவது நினைக்கலாம். அந்த வேலையில்தான் ஐந்து பேரும் சோறு தின்று வளர்ந்தார்கள்.

என் பேர் மயிலாத்தாள். ஊர் மலையாள எல்லையோரத்து மீனாட்சிபுரம். நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி கவிதா எழுதுகிறாள். எனக்கு எண்கள் நன்றாகத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். நான் பேசுவதை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காது என்று அவள் கொஞ்சம் நேராக்கிக்கொள்கிறாள். அதில் எனக்குச் சண்டை இல்லை.

போன மாசம் ஜோபின் டாக்டர் போன் பண்ணினார். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவர் இப்போது பாடம் நடத்துகிற டாக்டர். புதிதாக வந்திருக்கிற பிஜி டாக்டர்கள், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மேல்படிப்பு படிக்கிறவர்கள், தமிழ்க்காரர்கள் வந்தால் போனை நீட்டுகிறார்களாம். நோயாளி போனிடம் பேசுவாராம், போன் மலையாளத்தில் சொல்லுமாம். "மயிலம்மா, செல்லையா அண்ணன் விஷயத்தை நீங்களே எழுதிக் கொடுங்க. நான் சொன்னா பாடம் மாதிரி இருக்கு" என்றார். அந்தப் போன் வித்தையைக் கவிதாவின் போனில் நானும் செய்து பார்த்தேன். "ஏனுங்க, முட்டி புடிச்சிருக்குதுங்களா" என்று கேட்டேன். முட்டியை யார் பிடித்தார்கள் என்று அது திருப்பிக் கேட்டது. நல்லதுதான், கேட்கவாவது செய்கிறதே.

எங்கள் டிபார்ட்மெண்டுக்கு இங்கிலீஷில் நீளமான பேர். ஜனங்கள் "நடக்க வைக்கிற டாக்டர் ரூம்" என்பார்கள். பக்கவாதம் வந்தவர்கள், முதுகு ஒடிந்தவர்கள், கை கால் எடுத்தவர்கள், கழுத்து நிற்காத குழந்தைகள், எல்லாரும் அங்கே வருவார்கள். நான் முதலில் தரை துடைக்கப் போனேன். பிறகு வீல் சேர் தள்ளினேன். பிறகு வெளிநோயாளிகளைப் பார்க்கிற ஒப்பி கதவுக்கு வந்து டோக்கன் கூப்பிட்டேன். இந்த மூன்றுக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒப்பியில் பெரிய மேடம்தான் தலைமை. சத்தம் போடவே மாட்டார். அவர் ரூமில் நோயாளி நாற்காலியைக் கதவிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப் போட்டிருந்தார். புதிதாக வருகிற பிஜி டாக்டர்கள், பாவம் நடக்க முடியாதவர்கள் என்று அதைக் கதவுப் பக்கம் இழுத்துப் போடுவார்கள். நான் திருப்பித் தள்ளிப் போடுவேன். கதவிலிருந்து நாற்காலிவரை அந்த ஆள் எப்படி வருகிறார், எந்தக் காலைச் சாய்க்கிறார், எதைப் பிடிக்கிறார், யார் தாங்குகிறார்கள் என்று பார்த்துச் சொன்னபிறகுதான் அவருடைய ஒப்பிச் சீட்டைத் தொட பிஜி டாக்டரை மேடம் விடுவார். அடுத்து செருப்பு. கழற்றச் சொல்லி, திருப்பி, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பிஜி டாக்டரிடம் காட்டுவார். தேய்ந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய டாக்டர் நிற்பதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கப்புறம் பஸ்ஸில் போனாலும் நான் ஆட்களின் செருப்பைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு பிஜி டாக்டரும் பார்த்த நோயாளியை மேடத்திடம் திரும்ப ஒரு தடவை காட்டித்தான் அனுப்ப வேண்டும். அதுதான் வழக்கம்.

பாதிப் பேர் தமிழ்க்காரர்கள் வருவார்கள். எங்கள் கிழக்குப் பக்கத்திலிருந்தும், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும். டாக்டர்களோ கோட்டயம், திருச்சூர், கண்ணூர். நடுவில் நான். "மயிலம்மா, ஒண்ணு வா" என்று ஒரு நாளில் முப்பது தடவை கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடாமல் அந்த ஒப்பி ஓடாது என்று எனக்கு உள்ளுக்குள் இருந்தது. வெளியிலும் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் ஜோபின் டாக்டர் வந்தார். கோட்டயத்துப் பக்கம். வெள்ளையாக, மெலிந்து, தமிழ்ப்படம் நிறையப் பார்த்தவர். வந்த மூன்றாம் வாரம் ஒரு காலையில் நான் வழக்கம்போல அவர் மேசைப் பக்கம் போய் நின்றேன். "மயிலம்மா வேண்டா. எனக்குத் தமிழ் நல்லாத் தெரியும். நீங்க கதவைப் பாத்தாப் போதும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இப்போது எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்திலிருந்த இரண்டு டாக்டர் பெண்கள் சிரித்தார்கள். சரி, கதவைப் பார்க்கிறேன் என்று கதவுக்குப் போனேன்.

அந்த டாக்டர் பெண்கள் வார்டுக்குப் போனபிறகு, அன்றைக்கே செல்லையா வந்தார். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் வேலை, ஐம்பது வயசு இருக்கும். கொழுந்து ஏற்றிப் போன டிராக்டர் சரிந்ததில் இடது கால் முட்டிக்கு நாலு விரல்கடை கீழே எடுத்துவிட்டார்கள். மகள் தங்கத்தை மீனாட்சிபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் வீட்டில் தங்கி, செயற்கைக் கால் வைக்க முடியுமா என்று கேட்க வந்திருந்தார். வெட்டிய இடத்து நுனியில் ஒரு சின்னப் புண் இன்னும் ஆறவில்லை. மேடம் அன்று பரீட்சை டூட்டிக்கு வெளியூர் போயிருந்தார்.

ஜோபின் டாக்டர் தமிழில்தான் ஆரம்பித்தார்.

"அண்ணா, வலி உண்டோ?"

"இருக்குய்யா."

"எப்போ தொட்டு?"

"கால் போனதுலேர்ந்துய்யா."

டாக்டர் முகம் இளகியது. "விஷமத்துல தொடங்கியது, இல்லே? ஒரு நாளைக்கு எத்தனை?"

"பத்து, பதினஞ்சு தடவை வரும். சில நாள் கணக்கே கிடையாதுய்யா."

"ராத்திரியும்?"

"ராத்திரிதான் ரொம்ப."

டாக்டர் தலையை ஆட்டி எழுதினார். "அது கூடாது அண்ணா. புண்ணு உணங்காது. வலி முழுக்க நிறுத்தணும். நிறுத்திட்டு வா, கால் வெச்சுத் தரலாம்."

செல்லையா அவரைப் பார்த்தார். "நிறுத்த முடியுமாய்யா?"

"மனசு வெச்சா முடியும்."

"சரிய்யா. வெக்கேன்."

இதில் என்ன தப்பு என்று தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் தெரியாது, மலையாளம் மட்டும் தெரிந்தவருக்கும் தெரியாது. மலையாளத்தில் வலி என்றால் இழுப்பது, பீடி சிகரெட் குடிப்பது. நமக்கு வலி என்றால் நோவு. டாக்டர் கேட்டது பீடியை; விஷமம் என்றால் அவர்களுக்குத் துக்கம், கால் போன துக்கத்தில் தொடங்கினார் என்று நினைத்தார். புகை பிடித்தால் புண் ஆறாது என்பதால் எல்லாரிடமும் கேட்பார்கள். செல்லையா சொன்னது நோவை. அவர் வாயில் வெற்றிலை உண்டு, பீடி கிடையாது. ஜோபின் டாக்டர் மலையாளத்திலேயே பேசியிருந்தால் எஸ்டேட்காரர் உஷாராகி, என்னங்கய்யா என்று கேட்டிருப்பார். தமிழில் பேசியதால் எல்லாம் தமிழ் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு பாஷையும் தெரிந்தவள் ஒருத்தி கதவில் நின்றாள். "ஒரு நாளைக்கு எத்தனை" என்று வந்த இடத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு அடி முன்னால் வைத்தேன். பிறகு, கதவைப் பார்த்தால் போதும் என்றாரே, பார்ப்போம், அவரே பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நின்றுவிட்டேன். எப்படியும் இரண்டு வாரத்தில் புண்ணைக் காட்ட வருவார், மேடம் இருப்பார், சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அவர் வரவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை.

நாலு மாசம் போனது. எனக்கு அப்போது இரண்டு மாடு. காலையில் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஒருநாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண், "ஆஸ்பத்திரி அக்காதான நீங்க?" என்று கேட்டாள். தங்கம். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். புண் பக்கத்து ஹெல்த் சென்டரில் கட்டுப் போட்டே ஆறிவிட்டதாம். "வலிதான் நிக்க மாட்டேங்குக்கா. நின்னதும் வரச் சொல்லியிருக்காரு டாக்டரு" என்றாள்.

என் பால் கேனை அளக்கிறவர் இரண்டு தடவை கேட்டும் நான் கொடுக்கவில்லை.

அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். செல்லையா கட்டிலில் படுத்திருந்தார். முட்டிக்கு அடியில் நல்ல இலவம்பஞ்சுத் தலையணை, புது உறை போட்டது. தங்கம் தானே தைத்ததாகச் சொன்னாள். அதை எடுத்துப் பாருங்கள் என்றேன். தலையணையை எடுத்தபிறகும் முட்டி மடங்கினபடியே நின்றது. வெட்டிய காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பியில் முதல் பாடம். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி அப்படியே பிடித்துக்கொள்ளும். முட்டி நீளாவிட்டால் செயற்கைக் காலை மாட்டி என்ன செய்வது? அதைச் சொல்லத்தான் இரண்டு வாரத்தில் வரச்சொல்வார்கள்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். தங்கம் காபி போட உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார். வலிப்பது முட்டி இல்லையாம், பாதமாம். இல்லாத பாதம். பெருவிரலைத் திருகுவதுபோல இருக்குமாம். வெளியே சொன்னால் புத்தி கெட்டுவிட்டது என்பார்கள் என்று மகளிடம்கூட அதைச் சொல்லவில்லை.

"மனசு வெச்சா நிக்கும்னு டாக்டர் சொன்னாருக்கா. நானும் நாலு மாசமா வெச்சுப் பாக்கேன். எனக்கு மனசு பத்தல."

வலி நிற்காததைத் தன் குற்றம் என்று எடுத்துக்கொண்டு அந்த மனுஷன் படுத்திருக்கிறார். "கெளம்புங்க, நாளைக்குக் காலையில. வலியோடயே வாங்க" என்றேன்.

அடுத்த நாள் ஒப்பி திறக்கும் முன்னால் ஜோபின் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் கேட்டது பீடி, அவர் சொன்னது நோவு என்றேன். ஒரு நிமிஷம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மனசு வெச்சா முடியும்னு சொன்னேன், மயிலம்மா" என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கே அது என் காதில் விழுந்தது என்று சொல்லவில்லை. தங்கத்தைப் பார்த்தேன், அவள் சொன்னாள், அவ்வளவுதான் சொன்னேன்.

செல்லையா வந்தார். மேடம் அவர் பக்கத்தில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு கை வைத்த ஒரு அளவுகோல் உண்டு, கோணம் பார்ப்பது. முப்பத்தைந்து என்று காட்டியது, எனக்கு எண் தெரியும். பத்துக்குள் வந்தால்தான் காலுக்கு அளவெடுக்க முடியும். வருமா என்று ஜோபின் டாக்டர் கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், நாலு மாசம் ஆகிவிட்டது என்றார் மேடம். பாதத்து வலியைப் பற்றிச் செல்லையா தலையைக் குனிந்துகொண்டு சொன்னபோது, மேடம் கொஞ்சமும் சிரிக்காமல், எந்த விரல் என்று கேட்டார். பெருவிரல் என்றார். திருகுகிறதா, எரிகிறதா என்று கேட்டார். அப்போதுதான் அந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லா பிஜி டாக்டர்களும் கூடி ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். அந்த வியாழன் ஜோபின் டாக்டர் தானாகவே எழுந்து இதைச் சொன்னார். சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பழைய சீட்டை எடுத்து வாசித்தார், ஒரு நாளைக்குப் பதினைந்து என்று அவர் எழுதியிருந்ததைக் கேட்டு யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள். மேடம் திட்டவில்லை. நீ என்ன சொன்னாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் என்ன கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்பது உனக்கு எப்போது தெரிந்தது என்று மட்டும் கேட்டார். நாலு மாசம் கழித்து என்றார் ஜோபின் டாக்டர்.

பிறகு மேடம் கேட்டார், அன்றைக்கு ரூமில் வேறு யார் இருந்தார்கள் என்று.

"நான் மட்டும்தான் மேடம்" என்றார் அவர்.

நான் பின்னால் டீ பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பக்கம் அவர் திரும்பவில்லை. நான் அன்றைக்குக் கதவில் நின்றது அவருக்கு ஞாபகம் இல்லையா, ஞாபகம் இருந்தும் அப்படிச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. டம்ளர்களில் டீ ஊற்றினேன்.

அந்த முட்டி இனி உன் பொறுப்பு என்று மேடம் ஜோபின் டாக்டரிடம் சொல்லிவிட்டார். வாரம் ஒரு தடவை மாவுக்கட்டு. முட்டியை முடிந்தவரை நீட்டி, அப்படியே கட்டுப் போட்டு விடுவது, அடுத்த வாரம் வெட்டி எடுத்து இன்னும் கொஞ்சம் நீட்டி மறுபடி போடுவது. டெக்னீஷியன் செய்கிற வேலைதான், ஆனால் அவரே உட்கார்ந்து செய்தார், மாவு முழங்கைவரை. முப்பத்தைந்து முப்பத்திரண்டானது. இருபத்தெட்டில் மூன்று வாரம் நகராமல் நின்றது. அந்த மூன்று வாரமும் அளவுகோலை அவர் இரண்டு தடவை வைத்து வைத்துப் பார்ப்பார், எண் மாறிவிடும் என்பதுபோல. பாதத்து வலிக்குக் கண்ணாடி. இரண்டு காலுக்கு நடுவில் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை அதில் பார்த்துக்கொண்டே அசைக்கச் சொல்வார்கள். பார்க்கிறவருக்கு இரண்டு காலும் இருப்பதுபோலத் தெரியும். முதல் நாள் செல்லையா கண்ணாடியில் அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, எங்கல போயிருந்த?" என்று கேட்டார். பிசியோதெரபி ரூமே சிரித்தது.

இருபத்தெட்டில் நின்றிருந்த ஒரு நாள், கட்டு காய்கிறவரை செல்லையா பக்கத்தில் நான் இருந்தேன். வேறு ஆள் இல்லை. என்னால் அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் கதவுகிட்டத்தான் நின்னுட்டிருந்தேனுங்க" என்றேன். "அவரு கேட்டதும் நீங்க சொன்னதும் எனக்குக் கேட்டுது. தப்பாப் போகுதுன்னு தெரிஞ்சுது. சொல்லாம உட்டுட்டேன்."

அவர் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஏன்க்கா?"

"அந்த டாக்டர் மேல கோவமுங்க."

"கோவம் அவரு மேல" என்றார். "கட்டு எங்கால்ல."

வெளியே டோக்கன் பெல் இரண்டு தடவை அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"சரி, குடிக்கத் தண்ணி கொண்டாங்க" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அதைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் இருபத்தைந்து. பிறகு மளமளவென்று இறங்கியது. ஒன்பதுக்கு வந்த அன்று ஜோபின் டாக்டர் அளவுகோலை என்னிடம் நீட்டி, நீங்கள் படியுங்கள் என்றார். படித்தேன். தங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தாள்.

கால் வந்தது. இரண்டு கம்பிக்கு நடுவில் நிறுத்தியபோது செல்லையா முதலில் கேட்டது, இதோடு மலைச்சரிவில் இறங்கலாமா என்று. முதலில் சமதரையில் நில்லுங்கள் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். ஆறு வாரத்தில் கம்பை ஒரு கையில் பிடித்து நடந்தார். பெருவிரல் வலி முழுக்கப் போகவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை எட்டிப் பார்க்கும் என்றார். வலியோடுதான் நடந்தார். வலியோடுதான் சின்னக்கானலுக்குப் பஸ் ஏறினார். கொழுந்து நிறுக்கிற ஷெட்டில் அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள், இப்போதும் அங்கேதான். பொங்கலுக்குத் தங்கம் வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் வரும்.

அதற்குப் பிறகு எங்கள் ஒப்பியில் ஒரு வழக்கம் வந்தது. நோயாளி எழுந்திருக்கும் முன்னால், வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அவர் சொன்னதைச் சீட்டில் கடைசி வரியாக அவர் சொன்ன சொல்லிலேயே டாக்டர் எழுத வேண்டும். ஒரு பாட்டி, "இந்த டாக்டரப் பையன் சொன்னதுல ஒண்ணும் வெளங்கல, ஊட்டுக்குப் போய்ப் படுத்துக்குவேன்" என்றாள். அதையும் அப்படியே மலையாள எழுத்தில் எழுதினார் ஒரு கண்ணூர் டாக்டர். பிறகு மறுபடி உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னார். ஜோபின் டாக்டரும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். வலி என்ற சொல்லை மட்டும் அவர் வாயால் சொல்லவே மாட்டார். "நோவா, பீடியா?" என்று கேட்பார்.

நான் ரிட்டையர் ஆன அன்று அவர்தான் பேசினார். மயிலம்மா பால் சொசைட்டியில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து ஒரு மனுஷனை நடக்க வைத்தார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் கும்பிட்டேன். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

ஜோபின் டாக்டரே, நான் அதைச் சொசைட்டியில் கண்டுபிடிக்கவில்லை. நாலு மாசம் முன்னாலேயே கதவில் நின்றபோது எனக்குத் தெரியும். ரூமில் நீங்கள் மட்டும் இருக்கவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருந்தே அப்படிச் சொன்னீர்கள் என்றால், இவ்வளவு வருஷம் சுமந்தது போதும், இறக்கிவையுங்கள். ஞாபகம் இல்லை என்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். நான் என் வேலையைப் பற்றிப் பெருமையாகத்தான் நினைக்கிறேன், இனியும் நினைப்பேன். முப்பது வருஷத்தில் நான் எடுத்துச் சொல்லிச் சரியான ஆட்கள் எத்தனையோ பேர். இந்த ஒன்றும் அதோடு இருக்கட்டும். உங்கள் பிஜி டாக்டர்களிடம் இதை வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தையும் சேர்த்து வாசியுங்கள். கதவில் நிற்கிறவளைக் கோபப்படுத்தாதே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

கவிதா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "அம்மிச்சி, இத உட்டுட்டா என்ன? ஆருக்குந் தெரியாதே" என்கிறாள். பேனா மேலே நிற்கிறது. நான் சொன்னதெல்லாம் தாளில் இறங்கியிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

எழுதீட்டியா கண்ணு? செரி. அந்த டீ பிளாஸ்க் எடத்துல இருந்து வாசி. சத்தமா வாசி.